ஆறிய எஞ்சின்

இரவெல்லாம் ஆறிக் கிடக்க வேண்டும் எஞ்சின்.
சூட்டில் எடுத்த அளவு பொய் சொல்லும்.
ஆகவே விடியலில், கஷ்கொட்டை மரத்தடியில்,
பனி சொட்டச் சொட்ட
ராக்கர் மூடியைக் கழற்றி வைத்தேன்.

பிரகான்சாவிலிருந்து மெக்கானிக் வர
ஒரு வாரமாகும்.
கொட்டிய காய்கள் அதுவரை தாங்காது.
கீழே ஒருவர் புல்லியைத் திருப்ப
மேலே ஒருவர் வால்வைப் பார்க்க வேண்டும்.
நவம்பரில் இந்த மலையில் மிஞ்சியிருப்பது
நானும் அதேரித்துவும்.
வாய்க்கால் முறைக்காகச் சண்டை போட்டு
நாலு கோடை ஆயிற்று.

ஆள் அனுப்ப ஆளில்லை. நானே போய்க் கூப்பிட்டேன்.
கண்ணாடியைத் துடைத்தபடி வந்தான்,
வணக்கம் கிடையாது.

"திருப்பு."
"இன்னும்."
"நில்லு. ஒரு மயிரிழை பின்னால்."

முதல் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்ந்து ஆடின.
கால் மில்லிமீட்டர் தகட்டை நுழைத்தேன்.
மூடிய பர்சிலிருந்து ரசீதை உருவுவதுபோல்
லேசாகப் பிடித்து வர வேண்டும்.
வந்தது. நட்டை முறுக்கினேன்,
அளவு ஓடிவிட்டது.
தளர்த்து, திருகு, முறுக்கு.
மூன்றாம் முறை அவனே தகட்டை வாங்கி இழுத்துப் பார்த்தான்.
கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது;
எப்போது நசுங்கியதோ.
"பிடிக்குது," என்றான்.

கிளப்பினேன். அந்த டிக் டிக் இல்லை.

"எக்ஸாஸ்ட் வால்வுதான்னு
ஆகஸ்ட்டிலேயே தெரியும்," என்றான்.
"என் படுக்கைவரை கேட்டது."

சொல்லியிருக்கலாமே என்று
நானும் சொல்லவில்லை.

மூடியோரம் எண்ணெய் கசிகிறது.
பழைய கேஸ்கெட்.
அதை மாற்ற ஒரு ஆள் போதும்.