முப்பது விநாடி

லின்ட்சே டிரிவார்தா இறந்துபோன செய்தி
போர்ட் அகஸ்டா பெட்ரோல் பங்கின் கண்ணாடிக் கதவில்
ஒட்டியிருந்தது,
காணாமல்போன ஒரு நாயின் படத்துக்குப் பக்கத்தில்.
நாய்க்குப் பரிசுத்தொகை போட்டிருந்தார்கள்.

அன்று மாலையே சேனலிலிருந்து ஒரு பெண் அழைத்தாள்.
"நீங்கள்தானே அவருடைய ஒலிப்பதிவாளர்?
மறக்க முடியாத ஒரு தருணம் சொல்லுங்கள்.
முதலை இருந்தால் நல்லது."

முதலை இருந்தது.
அது தூங்கிக்கொண்டிருந்தது.
லின்ட்சே கிசுகிசுத்த கிசுகிசுப்பில்தான்
ஞாயிறு ஆறரை மணிக்கு
நாடு முழுக்கத் தட்டுகளில் ஸ்பெகட்டி ஆறிப்போனது.

பதினோரு வருடம் என் காதுக்குள் குடியிருந்த மனிதர்.
சட்டையின் இரண்டாம் பொத்தானுக்குக் கீழே என் மைக்.
பழுப்புப் பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கும்போது
அந்த நெஞ்சு சுவர்க் கடிகாரம்.
கூடார விளக்கைத் தேடி ஓர் அந்துப்பூச்சி வந்தாலோ
பந்தயக் குதிரை.

அவர் பேச்சை நம்பி எத்தனையோ பிள்ளைகள்
புல்தரையில் குழி தோண்டினார்கள்,
பிளாஸ்டிக் தாள் விரித்து நடுவில் கூழாங்கல் வைத்தார்கள்.
விடிந்ததும் ஒரு கரண்டித் தண்ணீர்.
என் தங்கை மகன் அதை ஜாம் பாட்டிலில்
மூன்று வருடம் பத்திரப்படுத்தினான்,
பாலைவனத்தில் மாட்டிக்கொண்டால் ஆகுமென்று.
இப்போது அடிலெய்டில் பல் டாக்டர்.

தண்ணீரைக் கண்டுபிடித்தது ரோலி டிக்சன்.
காமிராவுக்கு இடப்பக்கம்,
சட்டகத்துக்கு ஒரு முழம் வெளியே நிற்பார்.
அரபானாக்காரர். அவர் தாய் பிறந்த மண் அது.
உதட்டைக் குவித்து ஒரு மணல்திட்டைக் காட்டுவார், அவ்வளவுதான்.
லின்ட்சே மண்டியிட்டுத் தோண்டுவார்.
"இதோ!" என்பார்,
தண்ணீரே அப்போதுதான் பிறந்ததுபோல.

நிகழ்ச்சி முடிவில் ஓடும் எழுத்துகளில்
"உள்ளூர் மக்களுக்கு நன்றி" என்பதற்குள்
ரோலி இருந்தார்.
பெயரைப் போடச் சொல்லி லின்ட்சே சண்டை பிடித்தார்,
மேஜையைக் குத்தி, வேலையை விடுவேன் என்று.
ஏழாவது வருடத்தில்.
ஏழாவது வருடத்தில்தான் என்பதையும்
சொல்லியாக வேண்டும்.

ரோலிக்கு நானே போன் செய்தேன்.
வெகுநேரம் பேச்சில்லை, பின்னால் ஏதோ கால்பந்து ஆட்டம்.
பிறகு சொன்னார்:
"அந்த ஆளின் பெயரைக் கொஞ்ச காலம்
சொல்லாமல் இருப்போம், சரியா?"

சரி.

படப்பிடிப்பு முடிந்த ஒவ்வோர் இடத்திலும்
முப்பது விநாடி அமைதியைப் பதிவுசெய்வது என் வேலை.
படத்தை வெட்டி ஒட்டும்போது
பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே நிரப்புவதற்கு.
ஓர் இடத்து அமைதியை
இன்னோர் இடத்தில் வைத்தால் பொருந்தாது,
காது கண்டுபிடித்துவிடும்.
"யாரும் அசையாதீர்கள்" என்பேன்.
வாய் ஓயாத அந்த மனிதர்
தொப்பியைக் கழற்றி
வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எல்லாம் என் கார் ஷெட்டில்,
மூன்று வாழைப்பழப் பெட்டிகளில்.
அழைத்த பெண்ணிடம் இதைச் சொல்லவில்லை.
முதலையைக் கொடுத்தேன்.

நேற்றிரவு ஒரு டேப்பை ஓடவிட்டேன்.
உறைமேல் என் கையெழுத்து: ஏர் ஏரி, தென்கரை, காற்று லேசாக.
முதலில் ஈக்கள்.
எங்கோ தூரத்தில் உப்புப் பாளம் விரிசல் விடுகிறது.
அவருடைய இடது முழங்கால், சொடக்குப் போட்டதுபோல்.
ரோலி ஓர் இருமலை விழுங்குகிறார்.
பிறகு நாலு பேர் மூச்சு;
காமிராக்காரருடையது மூக்கடைப்பு,
மெல்லியது நான்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

"போதும், நன்றி" என்கிறாள்
முப்பத்தொரு வயதுக்காரி ஒருத்தி.

என்ன அவசரமோ அவளுக்கு.
சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கும்.