ஓரக் குறிப்பு

நீ கேட்ட பட்டியல், மெஹருன்னிசா.
முதலாவது தடிமன்.
பிரக்ஞை மூளையில் எந்த மூலையில் என்று
நானூறு பக்கம் தேடிவிட்டுக்
கடைசியில் "இன்னும் தெரியவில்லை" என்கிறது.
அந்த ஒரு வரிக்காக வாங்கலாம்.

தினமும் காலை எட்டு மணிக்கு
மருந்தை ஏற்றி, பத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்கிறோமே,
ஏழு வரும்போது அணைந்துபோகிறதே,
அதே சாமான்தான்.

இரண்டாவது கடற்காற்றுகள் பற்றி.
ஆராய்ச்சியாளர் எழுதியது, அட்டவணைகளோடு.
மூர் மார்க்கெட்டில் அறுபது ரூபாய்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்,
வாடைக்காற்றுப் பத்தியின் ஓரத்தில்
பென்சிலில் யாரோ:
"தப்பு. இந்தக் காத்துல வலை வுட்டா
வலை அடுத்த ஊருக்குப் பூடும்.
தேசப்பன், காசிமேடு."

அடுத்த பக்கத்தில், "இது சரி."
அதற்கும் அடுத்ததில்,
"சரிதான், ஆனா அமாவாசைக்கு மாறும்.
பத்தொம்போது அமாவாசை எண்ணிப் பாத்துட்டேன்."

பத்தொன்பது, மெஹரு.
போன மாதம் நாம் அனுப்பிய கட்டுரையில்
நோயாளிகள் பதினொரு பேர்.

மூன்றாவதாக ஒன்று சொல்ல நினைத்திருந்தேன்.
வேண்டாம்.
இரண்டாவதையே தருகிறேன், ஓரங்களை மட்டும் படி.
பென்சில் மங்கிக்கொண்டிருக்கிறது,
சானிடைசர் ஈரத்தோடு புரட்டாதே.
நூற்று நாற்பதில் வெறும் ஒரு கேள்விக்குறி.
அழுத்தி, தாள் கிழியும் அளவுக்கு.
எதைக் கேட்கிறார் என்று
மூன்று நைட் டியூட்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு விடியலில் காசிமேட்டுக்கு வருகிறாயா?
ஏலம் நடக்கும் நேரத்தில்
தேசப்பன் என்று கூப்பிட்டால்
பத்துப் பேராவது திரும்புவார்கள்.
பரவாயில்லை.