நாலு பாகம்

தண்டையார்பேட்டை மண்டல அலுவலகம், மாடி, பின்னறை.
மின்விசிறிக்கு ஒரு இறக்கை இல்லை.
பழைய சாவுப் பதிவேடுகளை ஸ்கேன் செய்ய
நாளுக்கு நானூற்றைம்பது ரூபாய்க்கு வந்தவள் நான்.
செராங்கு துலுக்காணத்தின் கையெழுத்தைப்
பூச்சி ஊர்ந்த தடம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"காற்று தென்கிழக்கு. அலை மட்டு.
ஆழம் நாலு பாகம்.
இன்றைக்குப் பதினொன்று."

பதினொன்று என்ன என்று எழுதவில்லை.
ஓரத்தில் வேறு யாரோ பென்சிலில்: காலரா.

இருபத்திரண்டு வருஷம் நீராவிக் கப்பலில்.
ரங்கூன் சண்டையில், ஆற்றுச் சேற்றில்
ஈயக்குண்டை எறிந்து எறிந்து
வெள்ளைக்காரக் கேப்டனுக்கு வழி சொன்னவர்.
ஒரு வெள்ளிப் பதக்கம். பீரங்கிக்குக் கொடுத்த வலது காது.
ராயபுரம் திரும்பியவரை
முனிசிபாலிட்டி கமிஷனராக்கினார்கள்,
கூட்டத்தில் கடற்கரை முகம் ஒன்று இருக்கட்டும் என்று.
கேட்காத காதைத் தலைவர் பக்கம் வைத்து உட்கார்ந்தார்.
இது பதிவேட்டில் இல்லை, நான் சேர்த்தது.

முதல் வேலையாகக் கிணறுகளை அளந்தார்.
வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை
ஒவ்வொன்றிலும் கப்பல் கயிறு இறங்கியது.
குண்டின் அடியில் பூசிய கொழுப்பில்
எது ஒட்டி வந்தாலும் குறித்தார்:
மணல். களி. முடி.
ஒருமுறை ஒரு கொலுசுத் திருகாணி.

செங்குன்றத்துத் தண்ணீர் இரும்பில் வந்தது.
வடக்கே இழுக்கக் காசு ஒரு தெருவுக்குத்தான்.
உப்புக் கிடங்குத் தெருவா, குப்பமா?
வரைபடத்தில் குப்பமே இல்லை.
அந்த இடத்தில் கடலின் நீலம் பூசியிருந்தது.
அவர் பிறந்த வீடு அந்த நீலத்துக்குள்.

மூன்றுக்கு மூன்று. ஏழாவது கை
கிடங்குத் தெருவுக்கு உயர்ந்தது. செராங்கின் கை.
அடுத்த வருஷம் குப்பத்துக்கு என்று
தலைவர் வாய்வார்த்தை கொடுத்திருந்தார்.
கப்பலில் வாய்வார்த்தைதான் கட்டளை.
கரையில் அப்படி இல்லை என்று
ஐம்பத்து மூன்று வயதில் தெரிந்துகொண்டார்.

ஐப்பசியில் தொடங்கியது.
எழுத வேண்டிய குமாஸ்தா ஓடிப்போனதால்
அவரே எழுதினார், தெரிந்த ஒரே முறையில்:
காற்று, அலை, குப்பத்துக் கிணற்றின் ஆழம்,
பிறகு எண்ணிக்கை. ஒன்பது. பதினாறு. பதினாறு.
பதினான்காம் நாள் காற்று இல்லை.
ஆழம் இல்லை. எண்ணும் இல்லை.
"அஞ்சலாட்சி."
மனைவியா மகளா தெரியவில்லை.
வயதுக் கட்டத்தில் மை கொட்டியிருக்கிறது,
அல்லது கொட்டியிருக்கிறார்.

அப்புறம் பதினேழு வருஷம்
கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து அதே தீர்மானம்.
நடவடிக்கைக் குறிப்பில் முதலில் இரண்டு பத்தி,
பிறகு இரண்டு வரி,
கடைசியில்: "துலுக்காணம், வழக்கம்போல."
குழாய் வந்தது, அவர் போன மறுவருஷம்.
கல்லில் பெயர் வேறொருவருக்கு.

காசிமேட்டில் எங்கள் சந்துக்கு
நேற்றும் லாரி வரவில்லை.
வரிசையில் என் குடத்துக்குப் பதில் ஒரு செங்கல் நிற்கிறது.

காற்றுக்கென்று இந்த மென்பொருளில் கட்டம் கிடையாது.
'பிற விவரம்' என்பதில் அடித்துக்கொண்டே வந்தேன்:
தென்கிழக்கு, தெற்கு, தெற்கு, வாடை.
பதினான்காம் நாளில்
சிவப்பில் கேட்டது: எண்ணிக்கை கட்டாயம்.

ஒன்று என்று அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.