பதினெட்டரை நிமிடம்

புதுவயலில் பழைய நெல் மில்தான் எங்கள் கம்பெனி.
அவியல் தொட்டியை மூடி
மேலே நாற்பது மிஷின் போட்டிருக்கிறார்கள்.
மழை பெய்தால் நைலான் துணியிலும்
புழுங்கல் வாடை ஏறிவிடும்.
நான் வெட்டுவதில்லை, தைப்பதில்லை.
நிமிடம் எண்ணுகிறேன்.

ஒரு பள்ளிக்கூடப் பைக்குப் பதினெட்டரை.
ஜிப்பு வைக்க மூன்று,
தோள்வாரை இரட்டைத் தையலில் இறுக்க நாலேகால்,
பிசிறு வெட்ட முக்கால்.
ஊசி ஒடிந்தால், நூல் அறுந்தால்,
ஒருத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால்
எல்லாவற்றுக்கும் சேர்த்து
நூற்றுக்குப் பன்னிரண்டு.

செவ்வாய்க்கிழமை மெயில் வந்தது.
அதே பை, அதே துணி,
வேறொரு நாட்டில் பதினோரு சென்ட் குறைவாம்.
நாட்டின் பெயர் போடவில்லை.

வயிரவன் சாருக்குக் கோபமே வராது.
"எங்க வீட்டுத் தேக்கு பர்மாவுல இருந்து வந்தது,
நிலைக்கண்ணாடி பெல்ஜியம்.
எங்கே சல்லிசோ அங்கே வாங்குறது
எங்களுக்கென்ன புதுசா, முத்துராக்கு?
இறக்கிப் பாரு."
அந்தத் தேக்கை அறுத்தவனுக்கு
எத்தனை நிமிடம் போட்டார்கள் என்று கேட்க நினைத்தேன்.
சம்பள நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

பன்னிரண்டை ஒன்பதாக்கினேன்.
கம்ப்யூட்டரில் ஒரு கட்டம், அவ்வளவுதான்.
அழித்தாலும் சத்தம் வராது.
அந்த மூன்றில்
வனரோஜா கழிப்பறைக்குப் போய்வருகிற நேரம் இருந்தது,
சுமித்ரா பாலேஸ்வருக்குப் போன் போடுகிற நேரம் இருந்தது.
மீதியை நூலின் தடிமனில் எடுத்தேன்,
கொஞ்சம் அட்டைப்பெட்டியில்.

சுமித்ரா வந்து இரண்டு வருஷமாகிறது.
அதற்குமுன் அந்த மிஷினில் கண்டனூர்க்காரி இருந்தாள்,
தினம் நாற்பது ரூபாய் கூடக் கேட்டாள்,
அடுத்த மாதம் ரயிலில் முப்பது பெண்கள் வந்து இறங்கினார்கள்.
மலிவு கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பதாக
நானும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.
மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து
அது பாபினுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தது.
என்னைப் பார்த்ததும் சிரித்தது,
"அக்கா, சாப்டாச்சா?"

சனிக்கிழமை மகளோடு காரைக்குடி, செக்காலை ரோடு.
பள்ளி திறக்கப் போகிறது, பை வேண்டும்.
நாங்கள் தைக்கிற பையை
இந்த ஊரில் ஒரு தோளிலும் நான் பார்த்ததில்லை.
கடைக்காரர் எடுத்துப் போட்டது வேறு தேசத்துப் பை.
ஊதா நிறம், பொம்மைப் பூனை, முந்நூற்றைம்பது.
அவர் முறைக்க முறைக்க
உள்பக்கத்தை வெளியே திருப்பினேன்.

நல்ல கை.
வார் முனையில் அந்தச் சின்னப் பெட்டித் தையல்
கோணாமல் உட்கார்ந்திருந்தது.
அதைப் போடும்போது ஒரு நொடி
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
அடிப்பக்கம் ஓரிடத்தில் மட்டும்
தையல் நின்று மறுபடி தொடங்கியிருந்தது.
தண்ணீர் குடிக்கப் போயிருப்பாள்.
விட்டிருப்பார்கள்.
விரலால் எண்ணிப் பார்த்தேன்,
பதினேழு நிமிடத்துக்குமேல் தேறாது.

"முந்நூறுன்னா குடுங்க."
"கட்டாதும்மா."
"எதிர்க்கடையில தர்றாங்க."
எதிர்க்கடையில் நான் கேட்கவே இல்லை.
முந்நூற்றுப் பத்துக்கு முடிந்தது.
நாற்பது ரூபாய் மிச்சம் என்று
வரும்போது பஸ்ஸில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.
சுருக்கென்று அந்த நாற்பது எதுவென்று
ஞாபகம் வந்தது கோட்டையூர் தாண்டித்தான்.
மகள் பூனையின் மீசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆர்டர் எங்களுக்கே வந்தது.
வயிரவன் சார் மேஜைக்கு மேஜை
தேன்குழல் வைக்கச் சொன்னார்.
சுமித்ரா இரண்டு எடுத்துக்கொண்டாள்,
தின்ன நேரமில்லாமல் ஒன்றை
மிஷின்மேல் வைத்தாள்,
அது ஊசி ஓட ஓட அதிர்ந்து
விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

இந்நேரம் அங்கே
என்னைப்போல் ஒருத்திக்கு மெயில் போயிருக்கும்.
நாட்டின் பெயர் போட்டிருக்க மாட்டார்கள்.