ஜவ்வரிசி லோடு

நாசிக்கில் லோடு இறக்கிப்
பதினோராம் நாள் சேலம் திரும்பினேன்.
ஏழு மாதத்து மகள்
உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.
வெந்த ஜவ்வரிசி, ஏழோ எட்டோ.
ஒவ்வொன்றின் உள்ளேயும் தண்ணீர் நின்றது.

சூடு என்றார் மாடிவீட்டு ஜாக்குலின் டீச்சர்.
பல் முளைக்குது, கையைச் சப்புறா, அதான்
என்றார் மருந்துக்கடைக்காரர்.
ஆடி மாசம், ஆத்தா இறங்கியிருக்கா என்று
எதிர்வீட்டில் வேப்பிலை ஒடித்துத் தந்தார்கள்.
கமலவேணி யாரையும் மறுக்கவில்லை.
வேப்பிலையைத் தொட்டிலில் செருகினாள்,
ஆதார் அட்டையைப் பையில் போட்டாள்,
வண்டிய எடுங்க என்றாள்.

பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தேழாவது சீட்டு.
டாக்டரம்மா கையைப் பார்த்தார்,
உள்ளங்காலைத் திருப்பினார், அக்குளை விரித்தார்.
காய்ச்சல் இல்லை. வாயில் புண் இல்லை.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டார்:
'ராத்திரியில வீட்ல யாருக்கு அரிக்குது?'

என் கை தானாகப்
பாக்கெட்டுக்குள் போனது.

கமலவேணி பார்த்துவிட்டாள்.
டாக்டரம்மா மேஜையைத் தட்டினார், இங்க வைங்க.
விரலிடுக்கில் விளக்கைத் திருப்பினார்.

கிளீனர் மாரப்பனின் கம்பளி அது.
தொப்பூர் தாண்டினால் குளிர் ஏறும்,
மாற்றி மாற்றிப் போர்த்திக்கொள்வோம்.
மூட்டையை எண்ணி ஏற்றி
எடைமேடையில் நிறுத்தி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி
எத்தனை சீட்டு, எத்தனை கையெழுத்து!
இது மட்டும்
எந்தச் செக்போஸ்டிலும் நிற்காமல்
நான் கொஞ்சிய கை வழியே
போன மாதமே இறங்கியிருக்கிறது.

'சிரங்குங்க. பூச்சிதான். அசிங்கப்பட ஒண்ணுமில்ல.'
மூன்று ட்யூப் எழுதினார்.
குழந்தைக்குத் தலையிலிருந்து, கண்ணையும் வாயையும் விட்டு.
உங்களுக்குக் கழுத்துக்குக் கீழே, நகக்கண் வரை.
ஒரே ராத்திரி, எல்லாரும். காலையில குளிச்சிடணும்.
துணியெல்லாம் வெந்நீர்ல.
எட்டாம் நாள் மறுபடி.
கொப்புளத்தைக் குத்தாதீங்க.

அன்றிரவு மகளின் கைகளுக்குச் சாக்ஸ் மாட்டினோம்,
நக்கிவிடக் கூடாதே என்று.
குத்துச்சண்டைக்காரியாட்டம் காற்றை அடித்துச் சிரித்தாள்.
என் முதுகு எனக்கு எட்டவில்லை.
கமலவேணி பேசாமல் தடவினாள்.
தோள்பட்டையில் ஒரு விரல்
கொஞ்சம் அதிக நேரம் நின்றது.
கோபமா என்று கேட்கவில்லை நான்.

பூச்சி செத்த பிறகும்
மூணு வாரம் அரிக்கும் என்றிருந்தார்.
அரித்தது.

மாரப்பனுக்குப் போன் போட
நாலு நாள் ஆனது எனக்கு.
'உனக்குமாண்ணே?' என்றான்.
'எனக்கு வைகாசியிலருந்து.'
பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது.