வெளியேறிய காரணம்

மாதக் கடைசியில் ஐந்தாறு ராத்திரி
வென்டல் ஓஜர் எங்கள் விடுதிக்கு வருவார்.
எட்மன்டனில் மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குக்கண்ணாடி உறைந்து வெளுத்திருக்கும்.
கட்டிலில் உட்காருமுன்
விரிப்பின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்து,
"இது எங்க சலவைக்கூடத்துது," என்பார்,
"செவ்வாய்க்கிழமை நான்தான் மடிச்சேன்."

முதல் தேதி சம்பளம்.
மோட்டல் அறைக்கு அது
இருபத்தைந்து நாள் தாங்கும்;
ராத்திரிச் சாப்பாட்டை விட்டால் இருபத்தாறு.

அவர் கிளம்பும் காலையில்
திரை என்னைக் கேட்கும்: வெளியேறிய காரணம்?
சிறை, மருத்துவமனை, மரணம், தெரியவில்லை, வீடு.
மோட்டல் என்று ஒரு கட்டம் இல்லை.
வீடு என்று அழுத்துகிறேன்.
பச்சை விளக்கு.

போன வருஷ அறிக்கையில்
எங்களால் வீடு அடைந்தவர்கள் நூற்று நாற்பது.
அதில் பன்னிரண்டு பேர்
வென்டல் ஓஜர்.

சொன்னபோது இருமும்வரை சிரித்தார்.
"பன்னிரண்டு வீட்டில்
ஒண்ணோட சாவியாவது என்கிட்ட இருக்கணுமே?"
என்று கோட்டுப் பைகளைத் தட்டிக் காட்டினார்.
பஸ் சீட்டும் பாதி மிட்டாயும் இருந்தன.

எதிர்த்தெருவில் ஒரு கட்டடம் எழும்புகிறது.
கட்டுப்படியாகும் வாடகை, என்கிறது பலகை.
துண்டறிக்கையை நானும் வாங்கிப் படித்தேன்.
இரண்டாம் பக்கம்:
வருமானத்தில் நூற்றுக்கு முப்பது.
ஐந்தாம் பக்கம்:
சந்தை வாடகையில் நூற்றுக்கு எண்பது.
இரண்டையும் ஒன்றுக்கொன்று
யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை.
எண்பதைக் கொண்டுபோய்
வென்டலின் சம்பளத்தில் வைத்துப் பார்த்தேன்;
அறுபத்தைந்தாகி நிற்கிறது.
முன்பணம் தனி.

கட்டுப்படி.
கட்டு நகராட்சியிடம்,
வருஷா வருஷம் தடிக்கும் காகிதக் கட்டு.
படி எங்களிடம்,
மாலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும்வரை
வரிசையாய் உட்காரும் நான்கு சிமெண்டுப் படி.
நடுவில் சந்தி ஏதும் நிகழவில்லை,
அந்த ஒற்றைப் ப் தவிர.

நேற்று அவரிடம் கேட்டேன்,
பிடித்த மாதம் எது என்று.
நேரம் போவதற்குக் கேட்டதுதான்.
ஜூலை என்பார் என்றிருந்தேன்;
ராத்திரி பத்துக்கும் வெளிச்சம், ஆற்றங்கரை.

"பிப்ரவரி," என்றார் யோசிக்காமல்.
"மூணு ராத்திரியோட முடிஞ்சிடும்."

அந்தக் குளிரிலா என்று நான் கேட்கவில்லை.
மார்ச் அறிக்கையை
இப்போதே எழுதி வைத்துவிடலாம்:
விடுதிப் பயன்பாடு
கணிசமாகக் குறைந்துள்ளது.