கேட் போட்ட நேரம்

தோசை மாவு வாங்கி வருகிறோம் என்று
மோனிஷாவிடம் சொல்லிவிட்டு இறங்கினோம்.
ஒற்றை அறை வீட்டில்
பிள்ளையைப் பற்றிப் பேச
பிள்ளை இல்லாத மூலை கிடையாது.

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தார்கள்.
ஹார்பருக்குப் போகும் கூட்ஸ்.
வண்டியை அணைத்தேன்.
பின்னாலிருந்து கோமளா ஆரம்பித்தாள்:
"பத்தாவது முடிக்கட்டும். அதுக்கு முன்ன கெடையாது."

நீலம், துரு, நீலம், பச்சை.
பகலெல்லாம் டிரெய்லரில் நான் இழுக்கிற பெட்டிகள்
இங்கே என்னை நிறுத்திவைத்துவிட்டு
சாவகாசமாகப் போகின்றன.
எண்ணிக்கொண்டே சொன்னேன்:
"டியூஷன் வுட்டு ஏழரைக்கு வரா.
இங்க மாட்டிக்கினா யாருக்குத் தெரியும்?
போன மாசம் மழையில இன்னா ஆச்சு?"

போன மாதம் மழையில்
முக்கால் மணி நேரம்
அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.
சக்கரங்களுக்கு நடுவே தெரிந்த கால்களில்
அவள் செருப்பைக் குனிந்து குனிந்து
தேடினாள் கோமளா.

"அப்ப பட்டன் போன் வாங்கிக் குடு.
அதுல ஒண்ணும் கெட்டுப்போவ மாட்டா."
"நாம எதுல கெட்டோம்?"

முதுகில் ஒரு குத்து விழுந்தது.
ஓர் எண்ணை மாற்றி அழுத்தியதில் கிடைத்தவள்.
தண்டையார்பேட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில்
காஜா மிஷின் சத்தத்துக்கு நடுவே
'ராங் நம்பர்' என்று சொல்லிவிட்டு
வைக்காமல் இருந்தவள்.
"எங்கப்பன் அந்த செல்லு வாங்கித் தரலன்னா
உன்னோட குப்ப கொட்ட வேண்டியதில்ல."
அந்த நேரம் பார்த்துக்
கொடுங்கையூர்ப் பக்கமிருந்து காற்று வீசியது.

இருபத்தாறு. இருபத்தேழு.
பக்கத்து ஆட்டோவில் ஒரு குழந்தை
வெளிச்சம் அணையாத செல்லைப் பிடித்தபடியே தூங்குகிறது.
கோமளா கண்ணால் காட்டினாள்.
சரி, அது அவள் கணக்கில்.

அப்போதுதான்
ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடக்கிவைத்திருந்ததைச் சொன்னேன்.
"உன் போன்ல ரீசார்ஜ் பண்ணப் போனேன்.
குழு லோன் ஆளு நம்பர
எப்பிடி சேவ் பண்ணிக்கீற தெரியுமா?"
"நான் எங்க பண்ணேன்?"
"'எடுக்காத மா'ன்னு இருக்குது.
அதுக்குக் கீழ 'எடுக்காத மா ரெண்டு'."

பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
எண்ணிக்கை எனக்கு விட்டுப்போனது.

"அவதான் எடுப்பா" என்றாள், வெகு நேரம் கழித்து.
"அம்மா குளிக்கறாங்க,
அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு.
நாலாவதுலருந்து.
நான்தான் சொல்லிக் குடுத்தேன்."
என் தோளிலிருந்த கை
எப்போது இறங்கியதென்று தெரியவில்லை.

பன்னிரண்டு போதுமா, பதினைந்தா, பதினெட்டா?
வெளியே இருக்கிறவன் எவனும்
அவளிடம் பேசிவிடக் கூடாதே என்றுதான்
இத்தனை கணக்கும்.
அந்த ஆளின் குரல் ஏறும்போது
போனைக் காதிலிருந்து
எவ்வளவு தூரம் தள்ளிப் பிடிப்பாள் மோனிஷா?
நான் பார்த்ததில்லை.
ஷிஃப்டில் இருப்பேன்.

கடைசிப் பெட்டியும் போயிற்று.
கேட் ஏறவில்லை,
எதிரே இன்னொன்று வருகிறதாம்.
என் செல் அடித்தது. கோமளாவின் நம்பர்.

"அப்பா, எத்தினி?"
"இன்னா எத்தினி?"
"பொட்டி. நான் வீட்லருந்தே எண்ணேன், சத்தத்த வெச்சி.
நாப்பத்தி நாலு."
"நாப்பத்தி நாலுதான்" என்றேன்.
"கரீட்டா!
சரி, பேசி முடிச்சிட்டீங்களா?"

கோமளா பின்னாலிருந்து கை நீட்டினாள்.
வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள்.
ஒன்றும் பேசவில்லை.
வைக்கவும் இல்லை.
எங்களுக்குப் பின்னால்
ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.
மாவுக் கடை பத்து மணி வரைதான்.